“இங்க குடுங்க, நான் பாக்குறேன்”

ஏப்ரல் மாதக் கடிதம் வந்துவிட்டது. பதவிப் பெயர் மாறியிருக்கிறது, சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆறு பேரின் பெயர் உங்கள் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் காலையில் அதே நாற்காலி, அதே இரண்டு மானிட்டர். பத்தரை மணிக்கு ஒரு ஜூனியர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். “இந்த எரர் எங்கேர்ந்து வருதுன்னே தெரியல.” எட்டிப் பார்க்கிறீர்கள். பத்தாவது வினாடியில் உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது. கை தானாக நீள்கிறது. “இங்க குடுங்க, நான் பாக்குறேன்.”

தரமணியிலிருந்து சிறுசேரி வரை நீளும் சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் சாஃப்ட்வேர் அலுவலகங்களில் புதிய டீம் லீடுகள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான். கோபக்காரர் என்பதாலோ பேசத் தெரியாதவர் என்பதாலோ சறுக்குகிறவர்கள் குறைவு. உதவி செய்யும் அவசரத்தில் சறுக்குகிறவர்களே அதிகம். இதுவரை உங்களுக்குச் சம்பளம் கொடுத்ததே வேகமாக விடை கண்டுபிடிப்பதற்குத்தான். ஒரே இரவில் அந்தக் கையை மடக்கிக்கொள் என்றால் மடங்குமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர், ஆளுக்கு நாளைக்கு இரண்டு சந்தேகம், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். நான்கு மணி நேரம் போய்விட்டது. மீட்டிங்குகள் மூன்று மணி நேரம். உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் வேலையை, அதாவது டிக்கெட்டை, இரவு ஒன்பது மணிக்குத்தான் திறக்க முடியும். இது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாத நஷ்டம் இதைவிடப் பெரியது. அந்த ஜூனியர் இன்று கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இவரிடம் கொண்டுபோனால் முடிந்துவிடும். மூன்றாவது மாதம் உங்களுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தால் ஆறு பேரின் வேலையும் நிற்கிறது. அதை உங்கள் முக்கியத்துவத்துக்குச் சான்று என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

அப்படியானால் அந்த லேப்டாப் வரும்போது என்ன செய்வது? மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். “என்ன நடக்கணும்னு எதிர்பார்த்தீங்க, என்ன நடந்துச்சு?” “இதுவரைக்கும் எதையெல்லாம் பாத்துட்டீங்க?” “அடுத்தது எதைப் பாக்கலாம்னு தோணுது?” இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே “ஐயோ, கான்ஃபிக் ஃபைலைப் பாக்கவேயில்ல” என்று பலர் எழுந்து போய்விடுவார்கள். மூன்றாவதற்கும் விடை இல்லையென்றால் திசையை மட்டும் காட்டுங்கள்: “அந்த ரிக்வெஸ்ட் ஐ.டி.ய லாக்ல தேடுங்க, எந்த சர்வீஸ் வரைக்கும் போயிருக்குன்னு தெரியும். அரை மணி நேரம் கழிச்சு வாங்க.” மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். சும்மா சொல்லவில்லை. உங்கள் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்வது உண்மையிலேயே பயன்படும் உத்தி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு நாள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லா டீமிலும் இருப்பார்கள். அவர்களுக்கென்று முதல் வாரமே ஒரு விதியை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: ஒரு மணி நேரம் நகராமல் நின்றால் கேட்டே ஆக வேண்டும், கேட்டால் தப்பில்லை, கேட்காமல் இருந்தால்தான் தப்பு. விதியாக அறிவித்துவிட்டால் கேட்பவருக்கு அது சொந்தத் தோல்வியாகத் தெரியாது.

புரொடக்ஷன், அதாவது கிளையண்ட் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சிஸ்டம், விழுந்து கிடக்கும்போது இந்தக் கேள்வி-பதிலெல்லாம் கிடையாது. அப்போது தெரிந்தவர் கீபோர்டை வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்யட்டும், இன்னொருவர் கிளையண்டுக்கு அரை மணிக்கு ஒருமுறை நிலவரம் சொல்லட்டும், மூன்றாமவர் நேரத்தோடு குறிப்பெடுக்கட்டும். பெரும்பாலும் தட்டச்சு செய்பவராகவே லீட் இருக்க ஆசைப்படுவார். அவர் இருக்க வேண்டிய இடம் இரண்டாவது.

‘மேனேஜரே தேவையில்லை, நல்ல இன்ஜினியர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. கூகுளே 2002இல் இன்ஜினியரிங் பிரிவில் மேலாளர்களை எடுத்துவிட்டுப் பார்த்தது. சில மாதங்கள்தான் ஓடியது. செலவு ரசீதுகளும் ஆளுக்கு ஆள் சண்டைகளும் நேராக, நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் மேஜைக்கு வந்து சேர்ந்தன. பிறகு 2009இல் அதே நிறுவனம் ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ என்ற பெயரில், நல்ல மேலாளர் என்ன வித்தியாசமாகச் செய்கிறார் என்று தன்னிடமிருந்த தரவுகளையே குடைந்து பார்த்தது. எட்டு பண்புகள் தேறின. முதலிடம், நல்ல பயிற்சியாளராக இருப்பது. தொழில்நுட்பத் திறன் பட்டியலில் இருந்தது, எட்டாவதாக. கோட் எழுதத் தெரியாதவர்களின் நிறுவனத்திலிருந்து இந்த முடிவு வந்திருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

‘சரி’ என்றால் என்ன

நம்மூர் அலுவலகத்தில் ‘சரி’க்குக் குறைந்தது நான்கு பொருள். புரிந்தது. காதில் விழுந்தது, புரியவில்லை. புரிந்தது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. போதும், கேன்டீன் மூடிவிடுவான். நான்கையும் ஒரே முகபாவத்தில் சொல்ல நம் எல்லோருக்கும் தெரியும்.

காரணம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. “டவுட் இருக்கா?” என்று வாத்தியார் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வதே பாதுகாப்பு என்று பன்னிரண்டு வருடம், கல்லூரியில் நான்கு வருடம், வைவாவில் கூடுதலாகக் கொஞ்சம் என்று பழகியிருக்கிறோம். ஆகவே வேலையை விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்பதில் பயனே இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, பதிலில் பொருள் இருந்தே தீர வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். “முதல்ல எந்த ஃபைலைத் தொடுவீங்க?” “இதுல எந்த இடம் இழுக்கும்?” எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது இது: “வியாழக்கிழமைக்குள்ள இது முடியலைன்னு வெச்சுக்குவோம். என்ன காரணமா இருக்கும்?” முடியாது என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைப்பவரும் இந்தக் கேள்விக்குத் தாராளமாகப் பதில் சொல்வார். ஏனென்றால் இப்போது அவர் உங்களை மறுக்கவில்லை, நீங்கள் கேட்ட கற்பனைக்கு உதவுகிறார். டெஸ்ட் டேட்டா இன்னும் வரவில்லை, அந்த ஏ.பி.ஐ. வேறு டீமிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்று மூன்றும் வரிசையாக வெளியே வரும்.

மொழியைக் கொஞ்சம் உற்றுக் கேட்கவும் பழக வேண்டும். “பண்ணிடலாம்” என்ற வினையில் ஆள் இல்லை. யார் பண்ணுவார், எப்போது பண்ணுவார் என்பது சொல்லிலேயே கிடையாது. உடனே, சிரித்த முகத்தோடு, “யாரு பண்றீங்க, எந்தக் கிழமை?” என்று கேட்டுவிடுங்கள். “பாத்துக்கலாம்” என்றால் இன்னும் தொடவில்லை. “டிரை பண்றேன்” என்றால் நடக்காது, ஆனால் உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை. “ஆல்மோஸ்ட் முடிஞ்சுது” என்றால் எழுதியாயிற்று, ஓட்டிப் பார்க்கவில்லை. ‘தொண்ணூறு சதவீதம்’ என்று யாராவது சொன்னால் சதவீதத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள்: “பாக்கி என்னென்ன இருக்கு, ஒரு பேப்பர்ல எழுதுவோம்.” எழுத எழுதப் பட்டியல் ஏழெட்டு வரிக்குப் போகும். அதில் ஒன்று, எழுதியதை ஓடும் சிஸ்டத்தில் ஏற்றும் ‘டிப்ளாய்மென்ட்’ ஆகவே இருக்கும்.

ஆனால் கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும், முதல் கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவருக்கு உங்கள் முகத்தில் என்ன கிடைத்தது என்பதைத்தான் டீம் நினைவில் வைத்திருக்கும். “நேத்தே சொல்லியிருக்கலாமே?” என்ற ஒரு வரி போதும், அடுத்த கெட்ட செய்தி ஒரு வாரம் தாமதமாக வர. அந்த இடத்தில் சொல்ல வேண்டியது, “சொன்னதுக்கு தேங்க்ஸ். இப்போ என்ன பண்ணினா சேதம் கம்மியாகும்?” நேற்றே சொல்லியிருக்கலாமே என்பதையும் பேசத்தான் வேண்டும். தீ அணைந்த பிறகு, தனியாக.

ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கில் அதிகமாக வந்தது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததை மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். இதிலிருந்து புது லீடுக்கு நேரடியாக ஒரு குறிப்பு உண்டு: நீங்கள் பொறுப்பேற்ற இரண்டாவது மாதம் பதிவாகும் பிழைகளின் எண்ணிக்கை கூடினால், அது உங்கள் காலத்தில் தரம் விழுந்ததாக இருக்கலாம், முன்பு மேஜைக்கு அடியில் கிடந்தவை இப்போது மேலே வருவதாகவும் இருக்கலாம். பிழை எப்போது நுழைந்தது என்ற தேதியைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பார்க்காமல் மேலிடத்துக்குப் பயந்து “ஏன் இவ்ளோ பக்?” என்று குரலை உயர்த்தினால் எண்ணிக்கை அடுத்த மாதமே குறையும். பிழை குறையாது.

தினமும் காலையில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் கூட்டம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பதினைந்து நிமிடக் கூட்டத்தில் எல்லோரும் லீடின் முகத்தைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள் என்றால் அது வருகைப் பதிவு. எந்த வேலை எந்த நிலையில் என்று காட்டும் போர்டைத் திரையில் போட்டுவிட்டு, வலதுகோடியில் முடியும் தறுவாயில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து இடப்பக்கம் பேசிக்கொண்டு வாருங்கள். ஆளைப் பற்றிய பேச்சு வேலையைப் பற்றிய பேச்சாக மாறும். வடிவமைப்பு விவாதங்களில் அனுபவம் குறைந்தவர் முதலில், நீங்கள் கடைசியில். லீட் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் கருத்து “எனக்கும் அதேதான் தோணுது” என்று வந்து நிற்கும்.

அரை மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு

டீமில் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச, ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம். ஆறு பேர் என்றால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான். புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் முதல் மூன்று மாதம் வாரா வாரம். செவ்வாய் அல்லது புதன் நல்லது. திங்கள் வேலை குவியும், வெள்ளி மனம் ஊருக்குப் போயிருக்கும். இந்த ஒன்-ஆன்-ஒன் கெட்டுப்போகும் வழி ஒன்றுதான்: டிக்கெட் நிலவரம் பேசுவது. அதற்குத்தான் காலையில் ஒரு கூட்டம் இருக்கிறதே. அவரே டிக்கெட்டைப் பற்றி ஆரம்பித்தால் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “அது நாளைக்குக் காலையில பாப்போம், வேற?” என்று திருப்பிவிடுங்கள்.

முதல் சந்திப்பில் கேட்க நான்கு விஷயம் போதும். எந்த வேலை செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை. எதைக் கண்டால் எரிச்சல். முந்தைய லீட் செய்ததில் எது தொடர வேண்டும், எது வேண்டாம். வீட்டில் நான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரக்கட்டுப்பாடு ஏதாவது உண்டா. கடைசிக் கேள்வியை இப்படியே, நேரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்பதெல்லாம் பக்கத்து வீட்டு மாமி கேட்கலாம், ரேட்டிங் போடுகிறவர் கேட்கக் கூடாது. அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருப்பது இன்ஜினியருக்கு மிகக் கடினமான வேலை. மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். நான்காவது எண்ணில் உங்களுக்கே ஒரு விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். ஆறாவது எண்ணில் அவர் பேசத் தொடங்குவார், அப்போது வருவதுதான் உண்மையான விஷயம். பேசி முடித்ததும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: அவர் சொன்னது, நீங்கள் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டது. அடுத்த சந்திப்பை உங்கள் கடனிலிருந்து தொடங்குங்கள். “போன தடவை கிளவுட் டிரெய்னிங் கேட்டீங்க, பட்ஜெட் ஜூலைலதான் வருமாம்.” பதில் ‘இல்லை’ என்றாலும் பரவாயில்லை. மறந்துபோனால்தான் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

ரிலீஸ் நெருக்கடியில் இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டி வரும். தள்ளுங்கள், ஆனால் ரத்து செய்யாதீர்கள். அந்த வாரத்துக்குள்ளேயே வேறு நேரம் போட்டு அனுப்புங்கள். மூன்று முறை ரத்தானால் நான்காவதில் “ஒண்ணும் இல்ல, எல்லாம் ஓகே” என்ற பதில்தான் வரும். அதற்கடுத்து வருவது ராஜினாமா மெயில்.

மச்சிக்கு மேலாளராவது

நேற்றுவரை ஒரே தட்டில் பரோட்டா பிய்த்தவர்கள் இன்று உங்கள் கீழே. அதில் ஒருவர் இதே பதவிக்கு விண்ணப்பித்தவராகவும் இருப்பார். அவரிடம் முதல் வாரமே தனியாகப் பேசிவிட வேண்டும், சுற்றி வளைக்காமல்: “நீங்களும் இதுக்கு டிரை பண்ணினீங்கன்னு தெரியும். என் இடத்துல நீங்க இருந்தா எதை மாத்துவீங்க?” மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், ஆறுதல் சொல்லும் தொனியும் வேண்டாம். தொழில்நுட்பத்தில் அவர் உங்களைவிடக் கெட்டி என்றால் ஒரு பகுதியின் வடிவமைப்பு முடிவை முழுதாக அவரிடம் விட்டுவிடுங்கள், டீமுக்கு முன்னால் சொல்லியும் விடுங்கள். பிறகு அந்த முடிவில் மூக்கை நுழைக்காமல் இருப்பதுதான் சோதனை.

‘மச்சி’ என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டுமா? டீக்கடையில் தேவையில்லை. கூட்டத்தில் ஆம். மூன்று பேரை ‘டா’ போட்டும் மற்ற மூன்று பேரை ‘ங்க’ போட்டும் பேசினால், யார் உள்வட்டம் யார் வெளிவட்டம் என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். அப்ரைசலில் அந்த மூவரில் ஒருவருக்கு நல்ல ரேட்டிங் கிடைத்தால் காரணம் எழுதியே வைக்கப்பட்டிருக்கும். எல்லோருக்கும் ஒரே ‘ங்க’ பாதுகாப்பு. பெண் இன்ஜினியரை ‘என்னம்மா’ என்பதும் அன்பு என்றே சொல்பவர் நினைப்பார். கேட்பவருக்கு வயதும் அனுபவமும் பத்து வருடம் குறைந்துபோன மாதிரி இருக்கும். பெயர் இருக்கிறது, பெயரைச் சொல்லலாம். உங்களைவிட எட்டு வயது மூத்தவர் உங்கள் டீமில் இருந்தால் இதுவரை ‘அண்ணா’ என்றோ ‘சார்’ என்றோ அழைத்ததை அப்படியே தொடருங்கள். பதவி வந்ததும் பெயர் சொல்லத் தொடங்குவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

சென்னை டீம்களில் கவனிக்காமல் விடப்படும் இன்னொன்று தமிழ். விஜயவாடாக்காரர் ஒருவர், கொச்சிக்காரர் ஒருவர், லக்னோவிலிருந்து ஒருவர் என்று டீமில் மூன்று பேருக்குத் தமிழ் வராது. நான்கரை மணி டீக்குக் கீழே போன நால்வர் தமிழில் பேசி, டேட்டாவைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் கேஷ் (cache) வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், மற்றவர்களுக்கு அது மறுநாள் கோட் ரிவ்யூவில்தான் தெரியும். டீக்கடையில் தமிழ் பேசுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே முடிவான எதுவும் மேலே வந்து மூன்று வரி எழுதப்படும்வரை முடிவாகாது என்று ஒரு விதி வைத்தால் போதும்.

வேலையைக் கொடுப்பது, குறையைச் சொல்வது

கொடுக்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்: முடிவில் என்ன இருக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, எந்தப் புள்ளியில் என்னிடம் காட்ட வேண்டும். எப்படிச் செய்வது என்பதை விட்டுவிடுங்கள். பத்து நாள் வேலைக்கு முதல் காட்டல் இரண்டாம் நாள், திசை சரியா என்று பார்க்க மட்டும். ஒன்பதாம் நாள் முதன்முறையாகப் பார்த்தால் உங்களுக்கு முன் இரண்டே வழி: பிடிக்காததை ஏற்றுக்கொள்வது, அல்லது இரவெல்லாம் உட்கார்ந்து நீங்களே மாற்றி எழுதுவது. இரண்டாவதைச் செய்கிறவர்கள் அதிகம். காலையில் வந்து தன் கோட் காணாமல் போயிருப்பதைப் பார்ப்பவர் அதன் பிறகு மனதைக் கொடுத்து எழுதுவதில்லை. எப்படியும் இவர் மாற்றத்தானே போகிறார்.

கோட் ரிவ்யூவில் உங்கள் கருத்துக்கு இப்போது எடை கூடிவிட்டது. சும்மா தோன்றியதை எழுதினாலும் உத்தரவாகப் படிக்கப்படும். ‘கட்டாயம்’, ‘யோசனை’, ‘என் ருசி’ என்று கருத்தின் முன்னால் ஒரு சொல்லைப் போடுங்கள். மூன்றாவது வகை அதிகமாக இருந்தால் அதை, கோடின் நடையைத் தானாகச் சரிபார்க்கும் லின்டருக்கு விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கலாம்.

குறையைச் சொல்வதில் இரண்டு நாளைக்கு மேல் தள்ளினால் விவரம் ஆறிவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். “நீங்க ரொம்ப கேர்லெஸ்” என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதை மறுத்துத்தான் பேசுவார். எப்போது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆயிற்று என்று மூன்றை மட்டும் சொல்லுங்கள். “நேத்து கிளையண்ட் கால்ல, பேமென்ட் மாட்யூல் எப்போ வரும்னு கேட்டப்போ, டெஸ்டிங் டீமாலதான் லேட்டுன்னு சொன்னீங்க. அவங்களும் அதே கால்ல இருந்தாங்க. இன்னிக்குக் காலையிலேர்ந்து பில்ட் விஷயமா நேர்ல பேசாம மெயில்லதான் பேசுறாங்க.” நிறுத்துங்கள். “உங்க பக்கம் என்ன நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஏழு வரை எண்ணுங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாதி நேரமாவது வரும்.

பாராட்டு, குறை, பாராட்டு என்று அடுக்கிச் சொல்லும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் இன்னும் கற்றுக்கொடுக்கிறார்கள். தமிழில் அது எடுபடாது. “வேலையெல்லாம் சூப்பர், ஆனா…” என்றதுமே முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துபோகும். ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதற்காகத்தான் இவ்வளவும் என்று நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பாராட்டைத் தனி நாளில், தனியாக, அதே துல்லியத்தோடு கொடுங்கள். ‘குட் ஜாப்’ என்றால் எது என்று அவருக்குத் தெரியாது. “அந்த மைக்ரேஷனுக்கு ரோல்பேக் ஸ்கிரிப்ட் முன்னாடியே எழுதி வெச்சிருந்தீங்க, அதனால 10 நிமிஷத்துல திரும்பி வர முடிஞ்சுது” என்றால் அடுத்த முறையும் எழுதி வைப்பார்.

இதையெல்லாம் வருடம் முழுக்கச் செய்திருந்தால் அப்ரைசல் பேச்சு இருபது நிமிடத்தில் முடியும். செய்யாதவர்கள் அங்கே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “நான் எவ்வளவோ போராடினேன், மேல ஒத்துக்கல.” இத்தனை பேருக்குத்தான் நல்ல ரேட்டிங் என்று முன்பே பிரித்துவைக்கும் பெல் கர்வின் மேல் பழியைப் போட்டு நல்லவராகத் தப்பிக்கும் வழி இது. கேட்பவருக்கு இரண்டு செய்தி போகிறது: உங்களுக்கு அதிகாரம் இல்லை, என்ன திருத்தினால் அடுத்த வருடம் ரேட்டிங் ஏறும் என்பதும் உங்களுக்குத் தெரியாது. “இந்த ரேட்டிங் என்னோடதுதான். காரணம் இந்த ரெண்டு” என்று சொல்வது வயிற்றைக் கலக்கும். ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். பேறுகால விடுப்பில் இருந்தவரின் ரேட்டிங் தனியாகக் கவனிக்க வேண்டியது. 2017 திருத்தத்துக்குப் பிறகு அது 26 வாரம், அதாவது பாதி வருடம். மற்றவர்களின் பன்னிரண்டு மாதப் பட்டியலோடு அவரது ஆறு மாதப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் அவர் கீழேதான் வருவார். வேலை செய்த மாதங்களை மட்டும் எடுத்து அளந்து பாருங்கள்.

ஒரு பெண் உங்களிடம் வந்து அலுவலகத்தில் நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், பிழைத்திருத்தும் மூளையை உடனே அணைத்துவிடுங்கள். நீங்கள் விசாரிக்கக் கூடாது, அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது, “விடுங்க, பேசித் தீத்துக்கலாம்” என்று சொல்லவே கூடாது. 2013 சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தக் கெடுவையும் குழுவை அணுகும் வழியையும் சொல்வது, கேட்டதை யாரிடமும் பரப்பாமல் இருப்பது, இரண்டும்தான் உங்கள் வேலை.

மேலே பார்த்துப் பேசுவது

கீழே இருப்பவரின் ‘பண்ணிடலாம்’ உங்களுக்கு எரிச்சலூட்டுகிறதே, மேனேஜரிடம் நீங்கள் சொல்வது என்ன? கிளையண்ட் தேதியை முன்னுக்கு இழுக்கிறார், உங்கள் மேனேஜர் “முடியும்ல?” என்கிறார். முடியாது என்று மொட்டையாகச் சொன்னால் சண்டை, முடியும் என்றால் ஆறு பேரின் சனி ஞாயிறு. தேர்வை எழுத்தில் வையுங்கள்: 15ஆம் தேதி வேண்டுமென்றால் ரிப்போர்ட் பகுதி இல்லாமல், எல்லாம் வேண்டுமென்றால் 29ஆம் தேதி. எது? மெயிலில், ஐந்து வரிக்குள். பெரும்பாலும் அடுத்து வரும் யோசனை “இன்னும் மூணு பேர் தர்றேன்” என்பது. ஆறு பேருக்குள் பேச வேண்டிய ஜோடிகள் 15. ஒன்பது பேரானால் 36. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போவதும் வேலை தெரிந்த அதே ஆறு பேர்தான். இந்தக் கணக்கை மேனேஜருக்குப் போட்டுக் காட்டலாம், அவரும் ஒரு காலத்தில் இன்ஜினியர்தான்.

இன்ஜினியரிலிருந்து மேலாளரானவர் நடுவில் நின்று என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து எவ்வளவு மாறும் என்பதற்கு 1986 ஜனவரி 27 இரவு இருக்கிறது. சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். புளோரிடாவில் கடுங்குளிர். பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோக்கல் நிறுவனத்தின் பொறியாளர்கள், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம், ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு அதிருப்தி காட்டியது. தியோக்கல்காரர்கள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தங்களுக்குள் பேசினார்கள். அங்கே பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் ராபர்ட் லண்ட். அதுவரை ‘வேண்டாம்’ என்ற பக்கம் நின்றவர். அவரிடம் மேலதிகாரி ஜெரால்ட் மேசன், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். போட்டுக்கொண்டார். முடிவை நான்கு மேலாளர்கள் எடுத்தார்கள், அறையிலிருந்த பொறியாளர்கள் கணக்கிலேயே வரவில்லை. மறுநாள் கிளம்பிய 73 வினாடியில் கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

நம் ரிலீஸில் உயிர் போகாது. ஆனால் அந்த இரவின் அமைப்பு ரிலீஸ் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் எல்லா ‘கோ, நோ-கோ’ கூட்டத்திலும் அப்படியே இருக்கிறது: வேலை தெரிந்தவர்கள் போனின் இந்தப் பக்கம், தேதி வேண்டியவர்கள் அந்தப் பக்கம், நடுவில் நீங்கள். அந்தக் கூட்டத்துக்கு முன் டீமிலிருக்கும் ஒவ்வொருவரும் போகலாமா வேண்டாமா என்று காரணத்தோடு ஒரு வரி எழுதித் தரட்டும். அதை நீங்கள் சுருக்காமல், மெருகேற்றாமல், அப்படியே மேலே அனுப்புங்கள். மேலிடம் மீறிப் போகச் சொல்லலாம், அது அவர்கள் உரிமை. எதை மீறுகிறோம் என்று தெரியாமல் மீறும்படி மட்டும் செய்துவிடாதீர்கள்.

தீபாவளி ட்யூட்டி

சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் ஒரு லீடின் நியாயத்தை டீம் எடைபோடுவது பெரும்பாலும் இங்கேதான். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. நெல்லை எக்ஸ்பிரஸ் போகிறவருக்கு அந்தக் காலை எட்டு மணிதான் எல்லாம். ஆகவே பண்டிகை வார சப்போர்ட் பட்டியல் 70 நாளுக்கு முன்னால் வெளிவர வேண்டும். செப்டம்பர் கடைசியில் “யாராவது ஒருத்தர் இருக்கணுமே” என்று இழுப்பவரை யாரும் மன்னிப்பதில்லை. போன வருடம் தீபாவளிக்கு யார் இருந்தார், பொங்கலுக்கு யார் என்று ஒரு தாளில் எழுதிப் பொதுவில் வையுங்கள். கல்யாணமாகாதவர் தலையில் கட்டுவதும், “உங்களுக்குத் தீபாவளி இல்லையே” என்று கிறிஸ்தவரையோ முஸ்லிமையோ வருடா வருடம் உட்காரவைப்பதும் பல இடங்களில் வழக்கம். அவர்கள் இருக்கட்டும், தப்பில்லை; அதற்கு ஈடாகக் கிறிஸ்துமஸும் ரம்ஜானும் அதே தாளில் முன்கூட்டியே அவர்கள் பெயருக்கு விடுப்பாக ஏறியிருக்க வேண்டும். ஒரு பண்டிகை நாளையாவது உங்கள் பெயரிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலிலேயே உங்களுக்கும் ஐந்து நாள் தொடர் விடுப்புப் போட்டு, லேப்டாப்பை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். கிளம்புமுன் டீமிடம், எனக்காகக் காத்திருந்த ஒவ்வொரு கேள்வியையும் ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வந்து அதைத் திறந்தால் பதினைந்து இருபது வரி இருக்கும். பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருந்தது, கிளையண்ட் உங்களைத்தான் கேட்டார், அந்த மாட்யூல் யாருக்கும் தெரியாது, எந்தப் பக்கைத் தள்ளிவைக்கலாம் என்று முடிவெடுக்க ஆளில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே டீமிலிருந்து ஒருவர் பெயரையும் ஒரு தேதியையும் எழுதுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான உங்கள் வேலைப் பட்டியல் அதுதான்.